நடத்துகிற கடை, ஓடுகிற கடை: ‘ரன்’ என்ற ஆங்கில வினையின் பொருள்விரிவு

செட்டிநாட்டிலுள்ள கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக மாற்றப்பட்ட பழைய வீடு ஒன்றின் வரவேற்பு மேசையில் ஓர் இளம்பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்து தங்கியிருந்த முதியவர் ஒருவர் காலையில் அவரிடம், ‘ஹூ ரன்ஸ் திஸ் பிளேஸ்?’ என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் திரும்பி வளவு எனப்படும் உள்முற்றத்துப் பக்கம் பார்த்தாராம், அங்கே யாரும் ஓடுகிறார்களா என்று. விடுதிப் பணியாளர்களுக்கு வாரம் இரண்டு மாலைகள் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் என்னிடம் அன்றைக்கே அதைச் சொன்னார்: “யாரு நடத்துறாங்கன்னு கேட்டிருந்தா சட்டுனு சொல்லியிருப்பேன் சார். அவரு ஓடுறதப் பத்தியில்ல கேட்டாரு?”

அவர் பிழையாக எதையும் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என் கருத்து. பள்ளிக்கூடத்தில் ‘ரன் என்றால் ஓடு’ என்று நாம்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஆங்கிலேயர் ஓட வைக்கும் ஓர் இடத்தைத் தமிழர் நடக்க வைக்கிறார்கள் என்பதை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘ஓடு’ என்ற ஒரே சொல்லைப் பொருளாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டோம். ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமான இந்த வினைச்சொல்தான் அகராதிக்காரர்களை மிக அதிகமாக வேலை வாங்கிய சொல்லும்கூட.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1884ஆம் ஆண்டு தொடங்கி 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைக்கு உரியது. அதற்கு 430க்கும் மேற்பட்ட பொருள்கள் சொல்லப்பட்டிருந்தன, விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்கள் நீண்டது. பிறகு அகராதியைத் திருத்தி எழுதிவருகையில் 2000இல் ‘மேக்’ என்ற வினையும், 2007இல் ‘புட்’ என்ற வினையும் அந்த இடத்தைப் பிடித்தன. 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். முதலிடத்துக்கு வந்த நான்குமே குழந்தைகள்கூடப் பேசும் சின்னச் சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் அகராதிகளிலும் எடு, போடு, பிடி, விடு போன்ற வினைகளுக்குத்தான் பொருள்கள் பத்தி பத்தியாக நீள்கின்றன. புழங்கப் புழங்கத்தான் ஒரு சொல்லுக்குப் பொருள் பெருகும்.

645 என்ற எண்ணைக் கேட்டு மாணவர்கள் மலைத்துப்போகிறார்கள். ஆனால் அவை 645 தனித்தனிச் சொற்கள் அல்ல. எல்லாம் ஓரிரு வேர்களிலிருந்து கிளைத்தவை, அந்த வேர்களைப் பார்க்கப் பழைய ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். அங்கே ‘ரின்னன்’ என்றும் ‘இர்னன்’ என்றும் வழங்கிய ஒரு வினை, தானாக ஓடுவதையும் நீர் பாய்வதையும் ஒருசேரக் குறித்தது. அதன் பக்கத்திலேயே ‘ஆர்னன்’ என்று மற்றொரு வினை இருந்தது. குதிரையை ஓட்டுவது போல, மற்றொன்றை ஓடச் செய்வது அதன் பொருள். நம் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரிப்பதைப் போன்ற இணை அது. ஜெர்மன் மொழியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ரின்னென்’, ‘ரென்னென்’ என்ற இரண்டு வினைகளும் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. முன்னது ஒழுகுவதற்கு, பின்னது ஓடுவதற்கு. ஆங்கிலத்திலோ இடைக்காலத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘ரன்’ என்ற ஒரே வடிவமாகிவிட்டன. தானாக ஓடுவதும் ரன், பிறர் ஓட்டுவதும் ரன், ஒழுகுவதும் ரன். இந்தச் சொல்லின் பொருள் இவ்வளவு பெருகியதற்கு இந்தக் கலப்பு ஒரு முக்கியமான காரணம்.

தமிழில் அந்தப் பிரிவு அழியவில்லை. ஓடு, ஓட்டு, நட, நடத்து, ஆடு, ஆட்டு. யாரும் சொல்லித் தராமலே மூன்று வயதுப் பிள்ளை ‘பஸ் ஓடுது’ என்றும் ‘டிரைவர் ஓட்டுறாரு’ என்றும் சரியாகப் பிரித்துப் பேசுகிறது. ஆகவே ‘ரன்’ வருகிற ஆங்கில வாக்கியத்தைப் பார்த்தவுடன் தமிழ் மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது தானாக ஓடுகிறதா, யாராவது ஓட்டுகிறார்களா என்பதுதான். ‘தி பஸ் ரன்ஸ் டு தேவகோட்டை’ என்றால் பேருந்து ஓடுகிறது. ‘தே ரன் அ பஸ் டு தேவகோட்டை’ என்றால் அவர்கள் பேருந்து விடுகிறார்கள். ஆங்கிலத்தில் வினை மாறவில்லை. தமிழில் மாறுகிறது, அதுவும் ‘ஓட்டு’ என்று மாறாமல் ‘விடு’ என்று மாறுகிறது. ஓட்டுவது ஓட்டுநரின் வேலை, விடுவது முதலாளியின் வேலை.

கடைக்கு வருவோம். ‘ரன் அ ஷாப்’ என்பதைத் தமிழில் மூன்று விதமாகச் சொல்லலாம். கடை நடத்துகிறார், கடை பார்க்கிறார், கடையை ஓட்டுகிறார். காரைக்குடிக் கடைத்தெருவில் நின்று காதுகொடுத்தால் மூன்றையும் கேட்கலாம், மூன்றுக்கும் மதிப்பு ஒன்றல்ல. ‘நடத்துகிறார்’ என்பதில் பொறுப்பும் நிதானமும் இருக்கின்றன. ‘பார்க்கிறார்’ என்றால் கடை அவருடையதாகவும் இருக்கலாம், மாமனாருடையதாகவும் இருக்கலாம், அன்றாடம் கல்லாவில் உட்காருகிறவர் அவர் என்பதே செய்தி. ‘ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று ஒருவர் சொன்னால் வியாபாரம் சரியில்லை, நாள்களைத் தள்ளுகிறார் என்று அர்த்தம். ஆனால் தன்வினைக்கு வந்தால் மதிப்பு தலைகீழாகிவிடுகிறது. ‘கடை நல்லா ஓடுது’ என்றால் மகிழ்ச்சியான செய்தி. ‘கடை நடக்குது’ என்றால் மூடவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கடையை நடத்துவதுதான் கௌரவம், கடை ஓடுவதுதான் லாபம். இந்த நுட்பம் எதுவும் ‘ரன்’ என்ற சொல்லுக்குள் இல்லை. ஆங்கிலத்தில் அதைக் குரலும் கூடவரும் சொற்களும்தான் காட்ட வேண்டும்.

இந்த வேறுபாடு செட்டிநாட்டில் வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வைத்திருந்த வட்டிக் கடைகளில் பல, முதலாளிகள் ஊரில் இருக்க, அங்கே அனுப்பப்பட்ட ஏஜெண்டுகளின் பொறுப்பில் இருந்தன. மூன்றாண்டுக் கணக்கில் போகும் ஏஜெண்டு, அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. இங்கே ‘ஹூ ரன்ஸ் தி ஃபர்ம்?’ என்ற கேள்விக்கு முதலாளியின் பெயரைச் சொல்வதா, ஏஜெண்டின் பெயரைச் சொல்வதா? அன்றாட நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவரையே ‘ரன்’ பெரும்பாலும் சுட்டும். சொத்துக்கு உரியவரைச் சொல்ல ‘ஓன்’ என்ற வேறு வினை இருக்கிறது. விடுதிப் பணியாளர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வீடு பங்காளிகள் பத்துப் பேருக்குப் பொதுவாக இருக்கும், விடுதியைக் குத்தகைக்கு எடுத்து வேறொருவர் நடத்துவார். விருந்தினர் ‘ரன்’ என்று கேட்டால் குத்தகைதாரரைச் சொல்ல வேண்டும், ‘ஓன்’ என்று கேட்டால் பங்காளிகளைச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலம் ஓடுகிற இடத்தில் தமிழ் நடப்பதற்கு மற்றொரு சான்று வங்கியில் இருக்கிறது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் தொடங்கினார். அத்தகைய வங்கியில் வியாபாரிகள் வைத்திருக்கும் ‘கரண்ட் அக்கவுண்ட்’ நமக்கு நடப்புக் கணக்கு. ‘கரண்ட்’ என்ற சொல், ஓடுவதைக் குறிக்கும் ‘குர்ரெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கரன்சி, கோர்ஸ், கூரியர் எல்லாம் அதே வேரில் முளைத்தவைதாம். ஐரோப்பியரின் கணக்கு ஓடுகிறது, நம்முடையது நடக்கிறது. நகரத்தாரின் வட்டித் தொழிலிலும் ‘நடப்பு வட்டி’ என்பது நன்கு வேரூன்றிய சொல். இரங்கூனில் மாதந்தோறும் கூடிப் பேசி அந்த வட்டி விகிதத்தை நிர்ணயித்திருக்கிறார்கள். நடப்பு ஆண்டு, நாட்டு நடப்பு என்று நிகழ்காலம் முழுவதையுமே நாம் நடக்கவிட்டிருக்கிறோம்.

அதே ‘கரண்ட்’ அறிவியலுக்குள் போனபோது மட்டும் தமிழ் ஓடத் தொடங்கிவிட்டது: மின்னோட்டம், நீரோட்டம். காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராயப்படுவது ஓட்டம். அதே ஊரின் வங்கியில் எழுதப்படுவது நடப்பு. ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழர் இரண்டாகப் பிளந்து, பொருளைப் பார்த்துத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இந்த இரண்டையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன்.

வங்கியைப் பற்றிப் பேசும்போது ‘ரன் ஆன் தி பேங்க்’ என்ற தொடரையும் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை குலைந்து, போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் வங்கிக்கு விரைவதைக் குறிப்பது அது. இதற்குத் தமிழில் ஒரே சொல் இல்லை. பணம் எடுக்கக் கூட்டம் மொய்த்தது என்கிறோம். அப்படி ஒரு நிறுவனம் விழுந்துவிட்டால் அது ‘நொடித்துப்போனது’. கால் நொடித்து நடப்பவரைப் பற்றிச் சொல்லும் சொல்லே அது. நடந்துகொண்டிருந்த தொழிலுக்கு வரும் கேட்டையும் தமிழ் காலில்தான் வைத்துப் பார்க்கிறது. சீட்டுப் பிடித்தவர் பணத்தோடு மறைந்துவிட்டால் மட்டும் ‘ஓடிப்போயிட்டான்’ என்பார்கள். இந்த இடத்தில் ஆங்கிலமும் ‘ரன் அவே’, ‘ரன் ஆஃப்’ என்று நம்மோடு சேர்ந்து ஓடுகிறது.

இனி நீர். செட்டிநாட்டு வீட்டில் மழை பெய்தால், ஓட்டுக்கூரையில் விழுந்த நீர், கூரைகள் சந்திக்கும் கூடல்வாயில் சேர்ந்து, முற்றத்தில் வைத்திருக்கும் அண்டாவில் கொட்டும், மிஞ்சியது வடிகால் வழியாக வெளியே போகும். இந்தப் பயணம் முழுவதையும் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட முடியும். தமிழில் ஓடுகிறது, வழிகிறது, கொட்டுகிறது, வடிகிறது என்று நீரின் அளவுக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி வினை மாறிக்கொண்டே போகும். குழாயைத் திறந்துவிட்டுப் போனால் ‘தி டேப் இஸ் ரன்னிங்’. நாம் தண்ணீர் போகிறது என்போம். மூக்கு ‘ரன்’ ஆனால் தமிழில் ஒழுகுகிறது. மூக்கு எப்படி ஓடும் என்று மாணவர்கள் சிரிப்பார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பாய்தலும் ஒழுகுதலும் தொடக்கத்திலிருந்தே உண்டு என்று தெரிந்த பிறகு சிரிப்பு அடங்கி, வியப்பு வந்துவிடுகிறது.

சாயம் பற்றிய பயன்பாடு இங்கே மிகவும் தேவைப்படுகிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டினர் கடைக்கு வந்து அரக்குச் சிவப்பையும் மஞ்சளையும் தடவிப் பார்த்துவிட்டு, ‘வில் தி கலர்ஸ் ரன்?’ என்று கேட்பார்கள். சாயம் போகுமா என்பதுதான் கேள்வி. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. தமிழில் ‘சாயம் போகிறது’ என்பது இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்துச் சொல்கிறது. நிறம் கரைந்து பக்கத்துத் துணியில் ஏறுவதும் அதுதான், வெயிலிலும் துவைப்பிலும் நாளடைவில் மங்குவதும் அதுதான். ஆங்கிலத்தில் முன்னது மட்டுமே ‘ரன்’, பின்னது ‘ஃபேட்’. நான் அப்படிப்பட்ட ஒரு சேலைக் கடைக்குப் போயிருந்த ஒரு நாள், பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் விற்பனையாளரிடம், “மொதத் தண்ணியில கொஞ்சம் சாயம் எறங்கும், பெறகு அப்படியே நிக்கும்னு சொல்லுப்பா” என்றார். இறங்குதல், நிற்றல் என்ற அந்த இரண்டு சொற்களில் ‘ரன்’, ‘ஃபேட்’ என்ற வேறுபாடு முழுவதும் அடங்கியிருந்தது. ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் வண்ணத் தரைக்கல் வார்ப்பவர்களும் இதைத்தான் கைவேலையாகச் செய்கிறார்கள். கண்ணாடியின் மேல் வைத்த அச்சின் அறைகளுக்குள் வண்ணக் கலவையை ஊற்றிவிட்டு, அச்சைத் தூக்கும்போது ஒரு நிறம் மற்றொன்றில் பரவாமல் தூக்க வேண்டும். அங்கே நிற்கும் வெளிநாட்டவர், நிறங்கள் ‘ரன்’ ஆகவில்லையே என்றுதான் வியக்கிறார்.

நகராத பொருள்களும் ஆங்கிலத்தில் ஓடும். செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. ‘தி ஹவுஸ் ரன்ஸ் ஃப்ரம் ஒன் ஸ்ட்ரீட் டு தி நெக்ஸ்ட்’ என்றால் வீடு ஓடவில்லை, பார்க்கிறவரின் கண்தான் முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஓடுகிறது. தமிழில் ‘இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரைக்கும் போகும்’ என்கிறோம். சேலையில் கரை ஓடுவதையும் சுவரில் விரிசல் ஓடுவதையும் நாமும் ‘ஓடு’ என்ற வினையாலேயே சொல்வதால், இந்தப் பயன்பாடு மாணவர்களுக்கு எளிதில் பிடிபட்டுவிடுகிறது.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். அமெரிக்கர் தேர்தலில் ‘ரன்’ செய்வார்கள், பிரிட்டிஷார் ‘ஸ்டேண்ட்’ செய்வார்கள். நம் வேட்பாளர்களும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்கள். உடம்பு சுட்டால் ஆங்கிலத்தில் ‘ரன்னிங் அ டெம்பரேச்சர்’, தமிழில் காய்ச்சல் அடிக்கிறது. ஒரு குணம் குடும்பத்தில் ‘ரன்’ ஆனால் அது பரம்பரையாக வருகிறது. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, அல்லது போய் மோதுவது. ‘ரன் ஓவர்’ என்றால் ஆள்மேல் வண்டி ஏறிவிடுவது. ‘ரன் அப் அ பில்’ என்றால் கடனை ஏற்றிக்கொள்வது. கணினியில் நிரலை ‘ரன்’ செய்வதற்கு ‘இயக்கு’ என்ற சொல் நமக்கு நிலைத்துவிட்டது. பேச்சுத் தமிழில் ‘ரன்னிங்’ ஏற்கனவே குடியேறியிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ‘ரன்னிங்கில் ஏறாதீங்க’ என்று நடத்துநர் சொல்வது பேருந்தின் ஓட்டத்தை, ‘வண்டி ரன்னிங் கண்டிஷன்’ என்று தரகர் சொல்வது எஞ்சினின் நிலையை.

எதிர்த்திசையில் போகும்போதுதான் பிழைகள் கூடுகின்றன. தமிழில் ஓடுவதெல்லாம் ஆங்கிலத்தில் ஓடாது. பதற்றத்தில் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர் நம் கால்களைப் பார்ப்பார். பொழுது ஓடவில்லை என்பதை ‘டைம் இஸ் நாட் ரன்னிங்’ என்று எழுதிய விடைத்தாள்கள் பலவற்றைத் திருத்தியிருக்கிறேன்; ‘ஐ ஆம் போர்ட்’ என்பதே அதற்கு வேண்டியது. மின்விசிறியும் தொலைக்காட்சியும் தமிழில் ஓடும், ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஆன்’ ஆகத்தான் இருக்கும். பர்மாவிலிருந்து 1942இல் ‘ஓடிவந்தோம்’ என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஜப்பானியப் படை நெருங்கியபோது தப்பிப் புறப்பட்ட பெருங்கூட்டம் காட்டிலும் மலையிலும் வாரக்கணக்கில் நடந்துதான் வந்தது. அங்கே ‘ஓடு’ என்பது வேகத்தைச் சொல்லவில்லை, உயிருக்கு அஞ்சி எல்லாவற்றையும் விட்டு வந்ததைச் சொல்கிறது. ‘ரன்’ என்று எழுதினால் நடந்த அந்த வாரங்கள் காணாமல் போகும். ‘ஃப்ளெட்’ என்று எழுத வேண்டும்.

பல பொருள் உடைய ஒரு சொல்லின் பொருளை எப்படித் தெளிவது என்பதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பேசுகிறது. உடன்வரும் வினை, இனம், சார்பு ஆகிய மூன்றைப் பார்த்தால் பொருள் தெளிவாகும் என்கிறது. பெயர்ச்சொற்களை மனத்தில் வைத்துச் சொன்ன விதிதான் என்றாலும் ‘ரன்’ என்ற வினைக்கும் அது பொருந்துகிறது. எது ஓடுகிறது, அது எந்த இனத்தைச் சேர்ந்தது, பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது? நீரா, கடையா, நிறமா, சுவரா? இந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அகராதியின் 645 பொருள்களும் பத்துப் பன்னிரண்டு கிளைகளுக்குள் அடங்கிவிடும். ஆங்கில வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று வைத்திருக்கும் விதி இதனால்தான் எனக்குப் பெரும் வருத்தமளிக்கிறது. ஓடு, ஓட்டு, நடத்து, ஒழுகு, வழி, போ என்ற இத்தனை கருவிகளைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையை வெறுங்கையோடு உட்கார வைக்கிறது அந்த விதி.

கானாடுகாத்தான் பெண்ணின் குறிப்பேட்டில் இப்போது ‘ரன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. இடப்பக்கம் என்ன ஓடுகிறது என்று எழுதுகிறார். வலப்பக்கம் தன் வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுகிறார். சென்ற மாதம் ஒரு மாலை வகுப்பின் நடுவில் மின்சாரம் போனது. விருந்தினர் இருவர் கூடத்துக்கு வந்து நிற்க, அவர் எழுந்துபோய், ‘வீ ஆர் ரன்னிங் ஆன் தி ஜெனரேட்டர்’ என்று தடையில்லாமல் சொல்லிவிட்டு வந்தார். ஜெனரேட்டரில் ஓடுகிறது என்று தமிழிலும் அப்படியேதான் சொல்வோம் என்பதால் அது எளிதாக வந்தது. உட்கார்ந்தவுடன் அடுத்த கேள்வியைக் கேட்டார்: “டீசல் தீந்துட்டா என்னன்னு சார் சொல்றது?” ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் டீசல்’ என்று எழுதிக் காட்டினேன். வாக்கியத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தமிழில் தீர்வது டீசல், இங்கிலீஷில் எழுவாயாக நிற்பது நாம், அப்படித்தானே என்று கேட்டார். ஆம் என்றேன். வலப்பக்கத்தில் ‘டீசல் தீந்துருச்சு’ என்று எழுதி, இடப்பக்கத்தில் ‘வீ’ என்ற சொல்லின் கீழே கோடு போட்டுக்கொண்டார்.